வெண்கலப் புஷ்ஷின் தாகம்

சிறிய மோட்டார்களையும் காற்றாடிகளையும் பழுதுபார்க்கும் வேலையில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், என் கைபட்டுப் போன ஆறு மோட்டார்கள் ஒரு மாதம்கூட ஓடாமல் கிறீச்சிட்டுக்கொண்டு திரும்பி வந்தன. ஆறிலும் நான் புதிய சின்டர் புஷ் மாற்றியிருந்தேன்; உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்த, சுழலும் தண்டான ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம் அது. ஆறிலும் ஷாஃப்ட்டில் கோடுகள் விழுந்து, புஷ்ஷின் உட்சுவர் வறண்டு பழுப்பேறியிருந்தது. சரக்கு மட்டம் என்று முடிவுகட்டி, விற்றவரிடம் சண்டைக்குப் போகும் எண்ணத்தில், எஞ்சிய புஷ்களை அள்ள இழுப்பறையைத் திறந்தேன். இழுப்பறைத் தரையில் நான் விரித்திருந்த பழைய தாளில், ஒவ்வொரு புஷ்ஷும் நின்ற இடத்தைச் சுற்றி, அதைப்போல மூன்று மடங்கு அகலத்துக்கு எண்ணெய்க் கறை படர்ந்திருந்தது. விற்றவர் எண்ணெயோடுதான் கொடுத்திருந்தார். அதைத் தாளுக்குக் குடிக்கக் கொடுத்தவன் நான்.

அந்தக் கறைகளைப் பார்த்த பிறகுதான், இத்தனை நாளும் நான் கையாண்டது வெறும் வளைய வடிவ உலோகத் துண்டு அல்ல, எண்ணெய் நிரப்பிய கலம் என்பது உறைத்தது. அதன் பிறகும் நான் பிழைகள் செய்தேன். ஆனால் செய்த பிழைகள் எல்லாவற்றையும் இன்று திரும்பிப் பார்த்தால், கலத்தைக் கவிழ்ப்பது அல்லது அதன் வாயை அடைப்பது என்ற இரண்டே வகைக்குள் அவை அடங்கிவிடுகின்றன.

கலம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். வழக்கமான வெண்கலப் புஷ்ஷுக்கு 90 விழுக்காடு செம்புத்தூளையும் 10 விழுக்காடு வெள்ளீயத்தூளையும் கலந்து, அச்சில் இட்டு அழுத்தி, காற்று புகாத உலையில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியசில் சுடுகிறார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். ஆகவே செம்புத் துகள்கள் உருகாமல், ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. உருகிய வெள்ளீயமோ செம்புக்குள் ஊடுருவிக் கலந்து, தான் இருந்த இடத்தைக் காலியாக விட்டுச் செல்கிறது. திண்மையான வெண்கலத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.8 கிராம் என்றால், இந்தப் புஷ்ஷின் அடர்த்தி எண்ணெய் ஏற்றுவதற்கு முன் 6.4 முதல் 6.8 கிராம்தான் இருக்கும். அதாவது கையில் கெட்டியாகத் தெரியும் பொருளில் ஏறத்தாழ கால் பங்கு காலியிடம். அந்தக் காலியிடங்களில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று இணைந்த நுண்துளைகள் என்பதால், ஒரு பக்கம் வைத்த எண்ணெய் மறுபக்கம் வரை போய்ச் சேரும். 1930-களில் கிறைஸ்லர் கார் நிறுவனம் இந்த வகையை ஆயிலைட் என்ற பெயரில் பரப்பியது. யார் செய்த சரக்கானாலும் ஆயிலைட் புஷ் என்றே கேட்கும் பழைய மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள்.

எண்ணெயின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. உள்விட்டம் 10 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 16, நீளம் 16 என்று ஒரு புஷ்ஷை எடுத்துக்கொள்வோம். அதன் கனஅளவு இரண்டு கன சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 0.4 மில்லிலிட்டர், எடையில் 0.35 கிராம். அந்த மோட்டாரின் ஆயுள் முழுவதற்குமான சேமிப்பு அவ்வளவுதான். இதில் பாதியை ஒரு தாள் உறிஞ்சிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? விளக்குத் திரியில் எண்ணெயை மேலேற்றும் அதே ஈர்ப்புதான் துளைக்குள் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கிறது. துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு வலுவாக ஈர்க்கும். தாளின் இழைகளுக்கு நடுவிலும் நுண்ணிய இடைவெளிகள்தான் உள்ளன, அவை முற்றிலும் வறண்டும் இருக்கின்றன. இரண்டும் தொட்டுக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தால் எண்ணெய் தாளின் பக்கம் போகாமல் வேறெங்கு போகும்? அட்டைப்பெட்டி, பஞ்சுத் துணி, மரத்தூள், சீவாத மரப்பலகை எல்லாம் இந்த வகையில் ஒன்றுதான். அன்று முதல் புஷ்களை மூடியுள்ள தகர டப்பாவிலோ தடித்த பிளாஸ்டிக் பையிலோதான் வைக்கிறேன். உடனே பயன்படுத்தப் போவதில்லை என்றால், அதே வகை எண்ணெயில் மூழ்கும்படி கண்ணாடிக் குப்பியில் போட்டுவிடுகிறேன்.

இந்தப் பாடத்தைக் கற்ற அதே மாதத்தில் கலத்தை இன்னொரு விதமாகக் கவிழ்த்தேன். பந்து பேரிங்குகளோடு பழகியவர்களுக்கு, எந்தப் புதிய பாகத்தையும் கழுவித் தூசு நீக்கிய பிறகே பொருத்த வேண்டும் என்ற நல்ல வழக்கம் உண்டு. அதன்படி ஒரு டஜன் புஷ்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காற்றழுத்தக் குழாயால் ஊதி, பளிச்சென்று எடுத்து வைத்தேன். மண்ணெண்ணெய் துளைகளுக்குள் புகுந்து எண்ணெயைக் கரைத்து நீர்க்கச் செய்துவிடும். பிறகு அது ஆவியாகிப் போகும்போது உள்ளே பெரும்பாலும் காற்றுதான் மிஞ்சும். பார்வைக்கு வேறுபாடு எதுவும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். புஷ்ஷைத் தூய்மைப்படுத்தியே ஆக வேண்டும் என்றால், அதில் ஊறியிருக்கும் எண்ணெயையே சிறிது எடுத்துத் தடவி, நூல் பிரியாத துணியால் துடைப்பது போதும்.

நிறைந்த புஷ்ஷையும் வற்றிய புஷ்ஷையும் பிரித்தறியும் வழியை எனக்குக் காட்டியவர் பட்டறையில் மூத்தவரான ஒரு பெரியவர். புஷ்ஷின் ஒரு முனையை இடது கட்டைவிரலால் அடைத்து, துளை நிறைய எண்ணெய் விட்டு, மேல் முனையை வலது கட்டைவிரலால் மூடி அழுத்திப் பிடித்தார். சிறிது நேரத்தில் வெளிச்சுவரில், நெற்றியில் வியர்வை அரும்புவதுபோல், எண்ணெய்த் துளிகள் அரும்பின. நான் பிடித்தபோது ஒன்றும் வரவில்லை. “குடிக்கிற வரைக்கும் கொடு, தம்பி. வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம்” என்றார். வற்றிய புஷ் விட்ட எண்ணெயைத் தானே குடித்துக்கொள்ளும். குடித்து முடித்த பிறகுதான் வெளியே வியர்க்கும். விரலில் வலு இல்லாதவர்களுக்கு எளிய வழியும் உண்டு. புஷ்ஷை இலேசாகச் சூடாக்கினால் போதும். உள்ளே எண்ணெய் இருந்தால் உட்சுவரில் மினுமினுப்பு படரும், இல்லையென்றால் மங்கலாகவே இருக்கும்.

சூடாக்கினால் எண்ணெய் ஏன் வெளியே வருகிறது என்ற கேள்விதான் இந்தப் பொருளின் உயிர்நிலை. மசகு எண்ணெய் ஒரு டிகிரிக்குத் தன் கனஅளவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரிகிறது. வெண்கலம் விரிவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேலே சொன்ன 10 மில்லிமீட்டர் புஷ் 40 டிகிரி சூடேறினால், உள்ளிருக்கும் எண்ணெயில் 2.6 விழுக்காட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 10 கன மில்லிமீட்டருக்கு, இடம் போதாமல் அது வெளியேற வேண்டியிருக்கும். அது முழுவதும் உட்சுவரில் பரவினால் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, தடிமனுள்ள படலம் கிடைக்கும். முனைகள் வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் ஒரு பகுதி போய்விடும் என்றாலும், ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் ஒரு பக்கத்துக்குச் சில மைக்ரான் இடைவெளிதான் இருப்பதால், கிடைப்பது தாராளம். மோட்டார் நின்று ஆறும்போது எண்ணெய் சுருங்க, துளைகள் வெளிவந்ததைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன.

சூடு மட்டுமே இதைச் செய்வதாக நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் சரி. சுழலும் ஷாஃப்ட் எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, சுமை அழுத்தும் பக்கத்திலுள்ள ஆப்பு வடிவ இடுக்கில் திணிக்கிறது. அங்கே அழுத்தம் கூடுவதால் சிறிதளவு எண்ணெய் துளைகளுக்குள் தள்ளப்படுகிறது. சுமையற்ற எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் குறைவதால் துளைகளிலிருந்து எண்ணெய் வெளிவருகிறது. இப்படி ஓயாத ஒரு சிறு சுற்றோட்டம் புஷ்ஷின் சுவருக்குள்ளேயே நடக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: அழுத்தம் தேவைப்படும் இடத்திலேயே எண்ணெய் கசிந்துவிடுவதால், தொடர்ந்து எண்ணெய் ஊட்டப்படும் திண்ம வெண்கலப் புஷ் தாங்கும் அளவுக்கு இதனால் சுமை தாங்க முடியாது.

அந்த வரம்பை நான் உணர்ந்தது பெல்ட்டால் ஓடும் ஒரு காற்று வெளியேற்றியில். இரண்டு முறை புஷ் மாற்றியும், எண்ணெய் நிறைந்திருப்பதை உறுதிசெய்தும், இரண்டு முறையும் கருகியது. வெண்கலச் சின்டர் புஷ்ஷுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை, அழுத்தத்தை மெகாபாஸ்கலிலும் வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்கினால் 1.75-க்கு மிகக் கூடாது என்பது. நிமிடத்துக்கு 1400 சுற்று ஓடும் 10 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டின் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.73 மீட்டர்; ஆகவே 16 மில்லிமீட்டர் நீளப் புஷ் தாங்கக்கூடியது ஏறத்தாழ 39 கிலோ எடை. நீண்ட ஆயுள் வேண்டுமானால் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். யாரோ பெல்ட் வழுக்குகிறது என்று மோட்டாரைப் பின்னுக்கு இழுத்து முறுக்கியிருந்தார்கள். அந்த இழுவை முழுவதும் ஒரே புஷ்ஷின் மேல் விழுந்திருந்தது. பெல்ட்டை மாற்றித் தளர்த்திக் கட்டியதோடு தொல்லை தீர்ந்தது. புஷ் மீண்டும் மீண்டும் போகும்போது புஷ்ஷையே பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

கலத்தின் வாயை அடைத்த கதைகள் இன்னும் வெட்கப்பட வைப்பவை. சின்டர் புஷ்ஷை அதன் கூட்டுக்குள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தினால் உள்துளை சற்றே சுருங்கும். ஷாஃப்ட் நுழையாதபோது நான் செய்தது, எமரி தாளைக் குச்சியில் சுற்றித் துளைக்குள் விட்டுத் தேய்த்ததுதான். உட்சுவர் கண்ணாடிபோல மின்னியது; எனக்குப் பெருமையாகவும் இருந்தது. மென்மையான வெண்கலம் தேய்க்கும்போது இழுபட்டு, துளைகளின் வாய்மேல் மெழுகினாற்போல் பரவி மூடிவிடும்; எமரித் துகள்களும் துளைகளில் சிக்கிக்கொண்டு பிறகு ஷாஃப்ட்டை அராவும். எண்ணெய் முழுவதும் உள்ளே பத்திரமாக இருக்க, ஷாஃப்ட் வறண்டு தேய்ந்தது. துளையை அளவுக்கு விரிக்கும் கருவியான ரீமர் மழுங்கியிருந்தால், அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். துளையைக் கடைந்தே தீர வேண்டுமென்றால், நன்கு தீட்டிய கார்பைடு முனையால் லேத்தில் மிக மெல்லிய வெட்டாக எடுக்க வேண்டும். அதைவிட மேலானது, கடையவே தேவையில்லாதபடி பொருத்துவது. ஷாஃப்ட்டைவிடச் சில மைக்ரான் பெரிய, மெருகேற்றிய எஃகுத் தண்டான மாண்ட்ரலைத் துளைக்குள் செருகி, அதோடு சேர்த்துப் புஷ்ஷைக் கூட்டுக்குள் அழுத்தினால், துளை மாண்ட்ரலின் அளவுக்கு மேல் சுருங்காது. உட்சுவரும் சீராகப் படிந்துவிடும். இப்போது சுத்தியலைத் தொடுவதே இல்லை. வைஸின் தாடைகளுக்கு நடுவில் நேராக வைத்து மெல்ல அழுத்துகிறேன்.

கிரீஸும் வாயை அடைக்கும். எண்ணெயைவிடக் கெட்டியானது, நீடித்து நிற்கும் என்று எண்ணி நான் அதை அப்பினேன். கிரீஸில் எண்ணெயைத் தாங்கிப் பிடித்திருக்கும் சோப்புப் பொருள் துளைகளின் வாயில் படிந்து, உள்ளிருக்கும் எண்ணெய் வரத் தடையாகிவிடும். கிரீஸ் தீரும்வரை சத்தமில்லாமல் ஓடும். அதன் பிறகு எண்ணெயும் வராது. தையல் எண்ணெய் என்றோ பல்வேலை எண்ணெய் என்றோ சிறு குப்பிகளில் விற்கும் மெல்லிய எண்ணெய்கள் சில, நாளடைவில் பிசினாகி இதையே செய்கின்றன. சமையல் எண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செம்பு, எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதை விரைவுபடுத்தும் உலோகம். வெண்கலத் துளைகளுக்குள் எண்ணெய் மிகப் பரந்த செம்புப் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே கெடாமல் நிற்கக்கூடிய, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மானமுள்ள எண்ணெய் தேவை. பெரும்பாலான மோட்டார் புஷ்களுக்கு பாகுத்தன்மையில் 68 தரமுள்ள கனிம எண்ணெய் எனக்குச் சரிவந்திருக்கிறது. கியர் பெட்டிக்கான, கந்தகச் சேர்மானம் மிகுந்த எண்ணெய்களைத் தவிர்த்துவிடுகிறேன். அவற்றுள் சில வெண்கலத்தை அரித்துக் கறுக்கச் செய்யும்.

வற்றிய புஷ்ஷுக்கு மீண்டும் எண்ணெய் ஏற்றுவது கடினமல்ல; ஆனால் வரிசை பிசகினால் பலன் பாதியாகும். எண்ணெயை 70 அல்லது 80 டிகிரிக்குச் சூடாக்கி, புஷ்களை அதில் மூழ்கவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் வைக்கிறேன். சூட்டில் எண்ணெய் இளகித் துளைக்குள் எளிதில் நுழையும். உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழிகளாக வெளியேறும். நான் தொடக்கத்தில் செய்த தவறு, குமிழி நின்றதும் சூடாகவே வெளியே எடுத்து வடித்ததுதான். ஆறும்போதுதான் உள்ளே மிஞ்சியிருக்கும் காற்றும் எண்ணெயும் சுருங்கி, வெளியில் உள்ளதை இழுக்கின்றன. அப்போது புஷ் எண்ணெய்க்குள் இருந்தால் எண்ணெயை இழுக்கும், மேசைமேல் இருந்தால் காற்றை இழுக்கும். ஆகவே ஒரு இரவு முழுவதும் எண்ணெய்க்குள்ளேயே ஆறவிட வேண்டும்.

பிறகு குளிர்சாதனப் பழுதுக்கு வைத்திருந்த வெற்றிடப் பம்ப்பைக் கெட்டியான ஒரு உலோகப் பாத்திரத்தோடு இணைத்து, தொழிற்சாலைகளில் செய்வதைப்போலவே செய்யத் தொடங்கினேன். காற்றை இழுக்கும்போது எண்ணெயிலிருந்து நுரை பொங்கும். அதைக் கண்டு எண்ணெய் ஏறுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அப்போது காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான். நுரை அடங்கியதும் வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடும்போதுதான், வெளிக்காற்றின் அழுத்தம் எண்ணெயைத் துளைகளுக்குள் தள்ளுகிறது. அந்த நேரத்தில் புஷ் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசு இருந்தால் ஐயத்துக்கு இடமிருக்காது. நான் எடைபோட்ட முதல் புஷ் ஏற்றுவதற்கு முன் 12.98 கிராம், ஏற்றித் துடைத்த பின் 13.27 கிராம். கருகிய எண்ணெய் பிசினாக இறுகிப்போன புஷ்ஷில் எடை ஏறவே ஏறாது. அதைத் தூக்கி எறிந்துவிடலாம்.

இவ்வளவு செய்தும் பயன்படாத இடமும் உண்டு. சுழலாமல் மெல்ல முன்னும் பின்னும் மட்டும் அசையும் கீல்களில், எண்ணெயை இழுத்துச் செல்லும் வேகமும் இல்லை, அதை வெளியேற்றும் சூடும் பிறப்பதில்லை. அப்படி ஒரு நெம்புகோல் மூட்டில் மூன்று சின்டர் புஷ்களைத் தேய்த்துத் தீர்த்த பிறகு, கிராஃபைட் கட்டிகள் பதித்த திண்ம வெண்கலப் புஷ்ஷைப் போட்டேன்.

உலோகத்துக்கு முன்பே மரம் இந்த வேலையைச் செய்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். லிக்னம் வைட்டே என்னும் கடினமரத்தில் இயற்கையாகவே பிசின் செறிந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன், எண்ணெயே தேவைப்படாத கடிகாரங்களுக்காக அதைத் தாங்கிகளாகப் பயன்படுத்தினார். பின்னர் நீராவிக் கப்பல்களின் உந்துதண்டைத் தாங்கவும் அது பயன்பட்டது. செயற்கைக்கோள்களின் சுழல் சக்கரங்களிலோ, பருத்தித் துணியை ஃபீனால் பிசினில் இறுக்கிச் செய்த பேரிங் கூடுகளில் எண்ணெயை ஊறவைக்கிறார்கள். அந்தக் கூடு முழுமையாக ஊறாமல் இருந்தால், எண்ணெய் கொடுப்பதற்குப் பதிலாக, பந்துகளின் மேலிருக்கும் எண்ணெயையே உறிஞ்சிவிடும் என்று படித்தபோது என் இழுப்பறைத் தாள்தான் நினைவுக்கு வந்தது.

அதே கணக்கை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். சிறு மோட்டார்களில் புஷ்ஷைச் சுற்றி இழைகளை அழுத்திச் செய்த ஒரு ஃபெல்ட் வளையம் இருக்கும். பலர் அதை அழுக்கு என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். ஃபெல்ட்டின் இடைவெளிகள் புஷ்ஷின் துளைகளைவிடப் பெரியவை என்பதால், புஷ்ஷில் எண்ணெய் குறையும்போது ஃபெல்ட்டிலிருந்து புஷ்ஷுக்குத்தான் எண்ணெய் நகரும். ஆனால் ஃபெல்ட் நனைந்து, புஷ்ஷைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பொருத்துவதற்கு முன் அதையும் எண்ணெயில் ஊறவைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு மேசைக் காற்றாடி தூசு தட்டுவதற்காக வந்தது. அதில் வளைதகட்டுக் கவ்வியில் உட்காரும் உருண்டைப் புஷ்ஷை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே எடைபோட்டு மாற்றியிருந்தேன். அப்போது 9.42 கிராம் என்று குறித்து வைத்திருந்தேன். கழற்றித் துடைத்துத் தராசில் வைத்தேன்: 9.35. ஃபெல்ட் தொடுவதற்கு வறண்டிருந்தது. அதில் நான்கு துளி விட்டு, அது உள்ளே இறங்கும்வரை காத்திருந்து, இன்னும் இரண்டு துளி விட்டு மூடினேன்.